பெருங்குடல் புற்றுநோயும் மரபணு வெளிப்பாடும்: அந்த ஸ்கோர் எதைச் சொல்கிறது?

"ஜீன் டெஸ்ட் எடுத்தால் கேன்சர் திரும்ப வருமா வராதா என்று தெரிந்துவிடும்." பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்த வீடுகளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். "அதெல்லாம் வியாபாரம், ஒன்றும் தெரியாது" என்று இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. அந்தச் சோதனை ஒன்றைச் சொல்கிறது, ஆனால் அது இந்த இருவரும் நினைக்கும் விஷயம் இல்லை.

## ஒரே பெயரில் மூன்று சோதனைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஜீன் டெஸ்ட்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சோதனைகள் புழங்குகின்றன.

ஒன்று, பரம்பரைச் சோதனை. பெற்றோரிடமிருந்து வந்த கோளாறு ஏதும் உண்டா என்று ரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்ப்பது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற குறைபாட்டை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது, கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்ப்பது. கே-ராஸ், பி-ராஃப் போன்ற ஜீன்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தேடுவார்கள். சில மருந்துகள் வேலை செய்யுமா என்று முடிவெடுக்க இது உதவும்.

மூன்றாவதுதான் நம்முடைய விஷயம்: மரபணு வெளிப்பாடு. இதில் ஜீனில் பிழை இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்கிறார்கள். அதனால் இதன் முடிவைப் பார்த்து "என் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று பயப்பட ஏதுமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் முதல் சோதனையில்தான் இருக்கிறது.

## ஒரே வயரிங், வேறு வேறு வீடுகள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரே வயரிங், ஒரே மாதிரிச் சாதனங்கள். ஆனால் ஒரு வீட்டில் ஏசி ஓடுகிறது, இன்னொன்றில் சமையலறை மட்டும் இயங்குகிறது, மூன்றாவது வீட்டில் நாள் முழுக்க வாஷிங் மெஷின். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது என்ன சாதனம் இருக்கிறது என்பதல்ல, எது ஓடுகிறது என்பதுதான்.

உடம்பிலும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் அதே டி.என்.ஏ, அதில் புரதம் தயாரிக்கச் சொல்லும் ஜீன்கள் சுமார் 20,000. குடல் செல்லும் நரம்புச் செல்லும் வேறுபடுவது எந்த ஜீன்கள் ஓடுகின்றன என்பதில்தான். ஒரு ஜீன் ஓடும்போது அதன் நகல்கள் செல்லுக்குள் வெளியாகும். அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர். நகல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவதுதான் மரபணு வெளிப்பாட்டை அளப்பது.

இப்போது அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு வினோதமான மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏசிக்கு இவ்வளவு, ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு என்று சாதன வாரியாகக் கணக்கு காட்டும். ஆனால் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துத்தான், வீடு வாரியாகக் காட்டாது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

## இந்தக் கேள்வி யாருக்கு முக்கியம்?

எல்லா நோயாளிக்கும் இல்லை. பெருங்குடல் புற்றுநோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் கட்டி குடல் சுவரின் உள்ளடுக்குகளைத் தாண்டுவதில்லை. அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் போதும். மூன்றாம் நிலையில் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும், அதனால் கீமோ கொடுப்பது வழக்கம். நான்காம் நிலையில் கல்லீரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கும்.

தலைவலி இரண்டாம் நிலையில்தான். கட்டி குடல் சுவரின் தசையடுக்கைத் தாண்டிவிட்டது, ஆனால் கணுக்களில் ஒன்றும் இல்லை. இவர்களில் பெரும்பாலானோர் அறுவையோடு குணமாகிவிடுகிறார்கள். 2007இல் வெளியான குவாஸார் என்ற பெரிய ஆய்வு, பெரும்பாலும் இரண்டாம் நிலையில் இருந்த 3,239 பேரைப் பின்தொடர்ந்தது. கீமோவால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்று அதில் தெரிந்தது. மீதிப் பேர் கீமோ இல்லாமலே குணமாகியிருப்பார்கள், அல்லது கீமோ எடுத்தும் பலனில்லாமல் போயிருக்கும். ஆனால் வாந்தி, களைப்பு, தொற்று வரும் அபாயம் எல்லோருக்கும்தான்.

அந்த மூன்று நான்கு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்று திரும்புகிறது, ஒன்று திரும்புவதில்லை. வித்தியாசம் ஜீன்களின் நடத்தையில் இருக்குமோ என்று தேடப் போனதில்தான் இந்தச் சோதனைகள் பிறந்தன. நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டிக் கணிப்பதை இனி முன்கணிப்பு என்றே சொல்வோம்.

இதுவரை: ஜீன் எவ்வளவு ஓடுகிறது என்பதை அளக்கிறோம். இரண்டாம் நிலை நோயாளிகளில் யாருக்கு நோய் திரும்பும் என்று கணிப்பதே நோக்கம்.

## மெழுகுக் கட்டியிலிருந்து ஓர் எண் வரை

அறுவையில் எடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்துப் பத்திரப்படுத்துவார்கள். கைக்கடக்கமான ஒரு மெழுகுத் துண்டு. வருடக்கணக்கில் கெடாது. சோதனைக்கு அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, புற்று இருக்கும் பகுதியைப் பத்தாலஜி மருத்துவர் குறித்துக் கொடுக்க, அந்த இடத்திலிருந்து ஆர்.என்.ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். ஃபார்மலின் ஆர்.என்.ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுக்கிவிடும் என்பதால், துண்டுகளையும் எண்ணத் தெரிந்த முறைதான் இங்கே வேலைக்கு ஆகும்.

அப்படி ஒரு முறை பி.சி.ஆர். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே பெயர். ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறார்கள். தொடக்கத்தில் நிறைய நகல் இருந்தால் சீக்கிரமே கருவியின் கண்ணில் படும், குறைவாக இருந்தால் கூடுதல் சுற்றுகள் ஆகும். ஒரு சுற்று வித்தியாசம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஆனால் ஒரு சீவலில் கொஞ்சம் அதிகத் திசு இருந்தாலே எல்லா எண்ணும் ஏறிவிடுமே? அதற்குத்தான் ஒப்பீட்டு ஜீன்கள். நம் குடியிருப்பில் எந்த வீடானாலும் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோல எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும் ஜீன்கள் சில உண்டு. மற்ற ஜீன்களின் அளவை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவார்கள்.

பெருங்குடல் புற்றுக்கான ஆன்கோடைப் டி.எக்ஸ் சோதனை இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 12 ஜீன்கள், அதில் 5 ஒப்பீட்டுக்கு, மீதி 7தான் நோயைப் பற்றிப் பேசுபவை. ஏழையும் ஒரு சூத்திரத்தில் போட்டு 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் தருவார்கள். கோலோபிரிண்ட் என்ற இன்னொரு சோதனை 18 ஜீன்களைப் பார்க்கிறது.

## 20,000இல் ஏழு எப்படித் தேறியது?

இங்கேதான் ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு.

நோய் திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் என்று இரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு 20,000 ஜீன்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதற்குமே உண்மையில் தொடர்பில்லை என்றாலும், தற்செயலாக நூற்றுக்கு ஐந்து ஜீன்கள் தொடர்புள்ளவைபோலத் தெரியும். 20,000க்கு அது 1,000. ஆயிரம் போலிச் சாட்சிகள்! நோயாளிகளோ நூற்றுக்கணக்கில்தான் இருப்பார்கள். அந்த நூற்றுச்சொச்சம் பேருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஜீன் பட்டியலை யாராலும் தயாரித்துவிட முடியும். புதிய நோயாளியிடம் அது படுத்துவிடும். இதை மிகைப்பொருத்தம் என்பார்கள்.

2011இல் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்கள் சிலர் இதைச் சுவையாக நிரூபித்தார்கள். ஏற்கெனவே வெளியான ஜீன் பட்டியல்கள் 47ஐ எடுத்து, சும்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன்களோடு போட்டிக்கு விட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பட்டியல்களால் அவற்றைத் தெளிவாக ஜெயிக்க முடியவில்லை. அது போதாதென்று, சாப்பாட்டுக்குப் பிறகு சிரிப்பதைப் பற்றிய ஓர் ஆய்விலிருந்து எடுத்த ஜீன் பட்டியல்கூட மார்பகப் புற்றின் போக்கைக் 'கணித்தது'. காரணம் மந்திரமில்லை. அந்தப் புற்றில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதோடு ஆயிரக்கணக்கான ஜீன்கள் ஒட்டிக்கொண்டே ஏறி இறங்குகின்றன. எந்தக் கைப்பிடி ஜீனை அள்ளினாலும் அதில் கொஞ்சம் வேகம் ஒட்டியிருக்கும்.

"புற்றை முன்கூட்டிக் கணிக்கும் ஐந்து ஜீன்கள் கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிரிப்பு ஆய்வுதான் ஞாபகம் வரும். கணினியில் ஒரே பொதுத் தரவை வைத்து உட்கார்ந்த இடத்திலேயே உருவாக்கிய பட்டியல்கள் வாராவாரம் வெளியாகின்றன. பெரும்பாலானவை ஒரு நோயாளியைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

நம்பத்தகுந்த பட்டியல் எப்படி வரும்? ஒரு கூட்டத்தில் தேர்ந்தெடுத்து, சூத்திரத்தைப் பூட்டி வைத்துவிட்டு, முற்றிலும் வேறு கூட்டத்தில் சோதிக்க வேண்டும். ஆன்கோடைப் சோதனைக்கு 1,851 நோயாளிகளிடம் 761 ஜீன்களைச் சலித்து ஏழைப் பிடித்தார்கள். பிறகு குவாஸார் ஆய்வில் சேர்ந்திருந்த இரண்டாம் நிலை நோயாளிகள் 1,436 பேரின் மெழுகுக் கட்டிகளை வெளியில் எடுத்து, மாற்றமில்லாத அதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அது 2011இல் வெளியானது.

இதுவரை: மெழுகுத் துண்டிலிருந்து ஆர்.என்.ஏ, அதிலிருந்து ஸ்கோர். பட்டியல் எவ்வளவு நீளம் என்பது முக்கியமில்லை. அது வேறொரு நோயாளிக் கூட்டத்தில் தேறியதா என்பதே கேள்வி.

## மீட்டர் காட்டியது யார் வீட்டுக் கணக்கு?

அந்த ஏழு ஜீன்களில் எனக்கு வியப்பான இடம் இது. மூன்று ஜீன்கள் செல் பெருகுவதைச் சேர்ந்தவை. அவை அதிகம் ஓடினால் ஆபத்து கூடும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. பெருங்குடல் கட்டியில் அவை அதிகமாக ஓடினால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. வேகமாகப் பெருகும் கட்டி மோசமானது என்ற மார்பகப் புற்றுப் பாடம் இங்கே செல்லுபடியாகவில்லை.

இன்னொரு மூன்று ஜீன்கள் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவை பெரும்பாலும் புற்றுச் செல்லுக்கு உரியவையே இல்லை. கட்டி என்பது புற்றுச் செல்களின் உருண்டை மட்டுமில்லை. அதற்குள் ரத்தக் குழாய்கள், நோயெதிர்ப்புச் செல்கள், நார் போன்ற இணைப்புத் திசுவைச் சுரக்கும் செல்கள் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. புற்றுச் செல்களைத் தாங்கி நிற்கும் இந்தச் சுற்றுப்புறத்துக்குத் தாங்குதிசு என்று பெயர். மொத்தக் கட்டியையும் அரைத்து ஆர்.என்.ஏ எடுக்கும்போது, வாசல் மீட்டரில் எல்லோருடைய கணக்கும் கலந்துதான் வருகிறது.

நெடுநாள் இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. மோசமான முன்கணிப்புள்ள கட்டிகளில் சில ஜீன்கள் உச்சத்தில் ஓடின. புற்றுச் செல் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, இடம்பெயரும் வகைச் செல்லாக உருமாறுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகான விளக்கம். 2015இல் ஓர் ஆய்வுக் குழு அதைச் சோதிக்க ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டது. மனிதக் கட்டியை எலிக்குள் வைத்து வளர்த்தால், புற்றுச் செல்கள் மனிதனுடையவையாகவே இருக்கும். ஆனால் தாங்குதிசு கொஞ்சம் கொஞ்சமாக எலியுடையதாக மாறிவிடும். மனித ஆர்.என்.ஏவையும் எலி ஆர்.என்.ஏவையும் எழுத்து வரிசையை வைத்தே பிரித்துவிடலாம். அப்படிப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டது. புற்றுச் செல்லின் உருமாற்றம் என்று நினைத்த ஜீன்களில் பெரும்பகுதி எலிப் பக்கத்திலிருந்து, அதாவது தாங்குதிசுவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆகவே ஸ்கோர் அதிகம் என்றால், "இந்தப் புற்றுச் செல்கள் கொடியவை" என்பதைவிட "இந்தக் கட்டி தன்னைச் சுற்றி நிறையத் தாங்குதிசுவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது" என்று படிப்பதே உண்மைக்குப் பக்கம். இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. அதே கட்டியில் சீவலை ஓரத்தில் எடுத்தார்களா, நடுவில் எடுத்தார்களா என்பதைப் பொறுத்துத் தாங்குதிசுவின் பங்கு மாறும், ஸ்கோரும் கொஞ்சம் ஆடும்.

## நான்கு வகைகள்

ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் போக்கில் வகை பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. 2015இல் அந்தக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து, 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைக் கொட்டிப் பார்த்து, பெருங்குடல் புற்றை வெளிப்பாட்டின் அடிப்படையில் நான்காகப் பிரித்தார்கள். முதல் வகை நோயெதிர்ப்புச் செல்கள் மொய்க்கும் கட்டி, ஏறக்குறைய 14 சதவீதம். இரண்டாவது வழக்கமான குடல் கட்டி, 37. மூன்றாவதில் செல் சத்தைப் பயன்படுத்தும் விதம் மாறியிருக்கும், 13. நான்காவது தாங்குதிசு மிகுந்தது, 23. மிச்சம் எந்த வகையிலும் சரியாக அடங்காதவை. நோய் திரும்புவதிலும் பிழைப்பதிலும் நான்காவதுதான் மோசம்.

முதல் வகைக்கு இரட்டை முகம். தொடக்க நிலையில் நல்ல முன்கணிப்பு, ஆனால் ஒருமுறை திரும்பிவிட்டால் பிழைப்பது கடினம் என்று அதே ஆய்வில் தெரிந்தது. "எந்த வகை நல்லது?" என்ற கேள்விக்கு எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

## ஸ்கோரைப் படிப்பது எப்படி?

குவாஸார் நோயாளிகளில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களை ஸ்கோர்படி மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். மூன்று ஆண்டுக்குள் நோய் திரும்பியது குறைந்த ஸ்கோர் கூட்டத்தில் 12 சதவீதம், நடுக் கூட்டத்தில் 18, அதிக ஸ்கோர் கூட்டத்தில் 22.

இந்த மூன்று எண்களோடு கொஞ்சம் உட்காருங்கள். "உங்களுக்கு ஹை ரிஸ்க்" என்று காகிதத்தில் பார்த்ததும் மனசு உடைந்துபோகும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு 78 பேருக்கு மூன்று ஆண்டில் நோய் திரும்பவில்லை. "லோ ரிஸ்க்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் 12 பேருக்குத் திரும்பிவிட்டது. கூட்டங்களுக்கு நடுவில் வித்தியாசம் நிஜம். ஆனால் ஒரு தனி மனிதருக்கு எது நடக்கும் என்று அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த ஸ்கோர் உங்களைப்போன்ற நூறு பேரைப் பற்றிப் பேசுகிறது.

## போக்கு வேறு, மருந்தின் பலன் வேறு

அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான், மருத்துவச் செய்தி எழுதுபவர்கள்கூட. நோய் எப்படிப் போகும் என்பது முன்கணிப்பு. இந்த மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்பது பலன் கணிப்பு. ஒன்று தெரிந்தால் மற்றது தானாகத் தெரிந்துவிடாது. ஆன்கோடைப் குழு இரண்டுக்கும் தனித்தனி ஸ்கோர் தயாரித்தது. முன்கணிப்பு ஸ்கோர் குவாஸாரில் தேறியது, பலன் ஸ்கோர் தேறவில்லை. கீமோவால் யாருக்குப் பலன் என்று அதனால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

அப்படியானால் முன்கணிப்பு மட்டும் தெரிந்து என்ன லாபம்? லாபம் உண்டு. கீமோ எல்லோருக்கும் ஆபத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 12 சதவீதக் கூட்டத்தில் அது ஏறக்குறைய 10 ஆகும். நூறு பேர் மருந்து எடுத்து இரண்டு பேருக்கு நன்மை. 22 சதவீதக் கூட்டத்தில் 18க்குப் பக்கம், நான்கு பேருக்கு நன்மை. பக்க விளைவு இரு பக்கமும் ஒன்றுதான். இரண்டு பேருக்காக நூறு பேர் கஷ்டப்படலாமா, நான்கு பேருக்காகப் படலாமா என்பதை ஜீன் முடிவு செய்யாது. அது நோயாளியும் மருத்துவரும் பேசித் தீர்க்க வேண்டியது.

இதுவரை: ஸ்கோர் கூட்டத்தின் ஆபத்தைச் சொல்கிறது. மருந்து வேலை செய்யுமா என்று சொல்வதில்லை.

## பிறகு ஏன் எல்லோருக்கும் எழுதித் தருவதில்லை?

ஏற்கெனவே கையில் இருக்கும் தகவல்களே நிறையச் சொல்லிவிடுவதால். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, குடல் அடைத்துக்கொண்டதா, துளை விழுந்ததா, 12 நிணநீர்க் கணுக்களாவது பார்த்தார்களா என்பதெல்லாம் பத்தாலஜி ரிப்போர்ட்டிலும் அறுவைக் குறிப்பிலும் இருக்கும். கணுக்களைக் குறைவாகப் பார்த்திருந்தால் இரண்டாம் நிலை என்று எழுதியதே தப்பாக இருக்கலாம்.

அப்புறம், டி.என்.ஏ பிழைதிருத்தச் சோதனை. செல் தன் டி.என்.ஏவை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் உண்டு. ஏறக்குறைய 15 சதவீதப் பெருங்குடல் கட்டிகளில் அந்தத் திருத்தும் வேலை பழுதாகியிருக்கும். இரண்டாம் நிலையில் இப்படிப்பட்ட கட்டிக்கு முன்கணிப்பு நல்லது, வழக்கமான ஒற்றை மருந்துக் கீமோவால் பலனும் பெரிதாக இல்லை. சாதாரண நிறமேற்றும் முறையிலேயே கண்டுபிடித்துவிடலாம், ஏழு ஜீன் சூத்திரம் தேவையில்லை. இதைப் பார்க்காமல் நேரே ஜீன் ஸ்கோருக்குத் தாவுவது என் பார்வையில் வரிசை தப்பிய வேலை.

இன்னொரு போட்டி ரத்தத்திலிருந்து வருகிறது. அறுவைக்குப் பிறகும் உடம்பில் எங்கோ புற்றுச் செல் மிச்சமிருந்தால், அதன் டி.என்.ஏத் துண்டுகள் ரத்தத்தில் மிதக்கும். 2022இல் வெளியான டைனமிக் என்ற ஆய்வில் இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான முறையில் கீமோ முடிவு. மற்றவர்களுக்கு ரத்தத்தில் துண்டுகள் தென்பட்டால் மட்டும் கீமோ. முதல் கூட்டத்தில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள், இரண்டாவதில் 15 சதவீதம்தான். இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்களின் பங்கு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வெளிப்பாட்டு ஸ்கோர் கட்டியின் சுபாவத்தைப் பார்த்து ஊகிக்கிறது. ரத்தச் சோதனையோ புற்று இன்னும் மிச்சமிருக்கிறதா என்றே நேரடியாகத் தேடுகிறது. இரண்டும் ஒரே கேள்விக்கான பதில் இல்லை என்பதால், ஒன்றை ஒன்று முழுக்க ஓரங்கட்டிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கீமோ வேண்டுமா என்ற முடிவை நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்துக் காட்டியிருப்பது இப்போதைக்கு ரத்தச் சோதனைதான்.